மலையில் ஒளிந்திருக்கும் புதையல்

"நடங்கள்" என்று டாக்டர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்கே நடப்பது, எதற்காக நடப்பது என்பதை நாம்தானே கண்டுபிடிக்க வேண்டும்? மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடந்தால் நாலாம் நாளே அலுத்துவிடுகிறது. அதுவே, "இந்த மலையில் ஒன்று ஒளிந்திருக்கிறது, கண்டுபிடி பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால்? கால் தானாக நடக்கும். நம் வீட்டுச் செல்போனை எந்நேரமும் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் கூடவே வரும்!

இப்படி ஒரு விளையாட்டு உலகம் முழுக்க இருக்கிறது, சகோதரிகளே. பெயர் ஜியோகேச்சிங். 2000-ம் வருஷம் மே மாதத் தொடக்கத்தில், ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டிக்கொண்டிருந்த கருவி சட்டென்று இடத்தைச் சரியாகக் காட்டத் தொடங்கியது. மே 3-ந் தேதி ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சில சாமான்களைப் போட்டுக் காட்டில் வைத்தார். அந்த இடத்தின் எண்களை மட்டும் கணினி மூலம் ஊருக்குச் சொல்லிவிட்டார். இருப்பவன் தேடிப் பிடி! நம் கண்ணாமூச்சி ஆட்டத்துக்கு அமெரிக்கத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பெட்டியைக் கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். குழி தோண்டிப் புதைக்கக் கூடாது, தின்பண்டம் வைக்கக் கூடாது, இடத்துச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று இப்போது ஏகப்பட்ட சட்டதிட்டம்.

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் இந்தப் பெட்டி வைக்கும் வேலை சரிப்படாது. பல இடங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. தவிர, நமக்குப் பெட்டி எதற்கு? மாங்குளம் மீனாட்சிபுரத்து மலைக்குகையின் நெற்றியில், ஏறக்குறைய 2,200 வருஷத்துக்கு முந்திய தமிழ் எழுத்து ஒளிந்திருக்கிறது. நெடுஞ்செழியன் பெயர் அதில் இருக்கிறது. 1882-ல் ராபர்ட் சிவெல் என்ற வெள்ளைக்காரர் கண்டெடுத்துச் சொல்லும் வரை, அது இருப்பதே வெளியுலகத்துக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய புதையலை யார் வாளியில் வைக்க முடியும்?

அதனால் எங்கள் வீட்டில் ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டோம். ஒளித்து வைப்பது கிடையாது. கண்டுபிடித்ததற்கு அடையாளம் கையெழுத்து அல்ல, போட்டோ. ஜியோகேச்சிங்கிலேயே பெட்டி இல்லாத ஒரு வகை உண்டு. எர்த்கேச் என்பார்கள். அங்குள்ள பாறையையும் மண்ணையும் பார்த்துத்தான் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட அது மாதிரிதான் நாங்கள் செய்வதும்.

சனிக்கிழமை ராத்திரி அடுப்படி வேலை முடிந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் எண்களையும் ஒரு விடுகதையையும் எழுதிவிடுவேன். செல்போன் வரைபடத்தில் ஓரிடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். மதுரைப் பக்கம் முதல் எண் 9-லோ 10-லோ ஆரம்பிக்கும். இரண்டாவது 78. புள்ளிக்குப் பின்னால் நாலாவது இலக்கம் ஒன்று மாறினால் சுமார் 11 மீட்டர் தள்ளிப் போய்விடுவோம். ஐந்தாவது என்றால் ஒரு மீட்டர்தான். என் பையனுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் புத்தகத்தில் ஏறாதது இந்தச் சீட்டில் ஏறிவிட்டது.

முதலில் போக நல்ல இடம் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். குளத்துப் பக்கம் நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டும் திரிவதைப் பார்த்து, ஒரு பாட்டி, "ஏத்தா, என்னத்தத் தொலைச்சீக?" என்று கேட்டார். "தொலைக்கல பாட்டி, தேடுறோம்" என்றாள் என் பெண். "தொலைக்காம எப்பிடித்தா தேடுவீக?" என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "செட்டிப்புடவுக்கா? அதுக்கு எதுக்கு டப்பா? இந்தா, இந்தப் பக்கம் போங்க" என்று வழி காட்டியதும் அவர்தான். எந்தச் செயற்கைக்கோளும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

செட்டிப்புடவில் பாறையில் பெரிதாகச் செதுக்கிய மகாவீரர் உட்கார்ந்திருக்கிறார். மலைமேல் பேச்சிப்பள்ளத்தில் எட்டுச் சிற்பங்கள் வரிசையாக, பக்கத்தில் ஒரு சுனை. இங்கே ஒரு சூட்சுமம்: குகைக்குள்ளோ சாய்ந்த பாறைக்கு அடியிலோ நின்றால் போனில் நீலப்புள்ளி அலைபாயும். ஒரே சமயத்தில் குறைந்தது நாலு செயற்கைக்கோள் தெரிந்தால்தான் இடம் சரியாக வரும். பாறை பாதி வானத்தை மறைத்துவிடுகிறதே! வெட்டவெளியில் வந்து ஒரு நிமிஷம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி படம் பிடிப்பது. விலை உயர்ந்த காமிரா எதுவும் வேண்டாம். முந்தானையால் லென்ஸைத் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. விரலால் பெரிதாக்கி எடுக்காதீர்கள், இரண்டடி முன்னால் போய் எடுங்கள். அடிவானம் சாய வேண்டாம். மலையை மட்டும் எடுத்தால் தட்டையாக இருக்கும். முன்னால் ஒரு தாமரை இலையோ பனைமரமோ இருக்கட்டும். பாறையின் பிரமாண்டம் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். மேலோட்டமாக வெட்டிய எழுத்துக்குப் பக்கவாட்டு வெயில்தான் உயிர். வெயில் சாய்வாக விழும்போது பள்ளத்தில் நிழல் தங்கி, எழுத்து எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே எழுத்து காணாமல் போகும். எழுத்து தெரியவில்லை என்று சிலர் அதன்மேல் சாக்பீஸ் தேய்க்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைவிட மோசம், மகாவீரருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் காதலி பெயரையும் கீறி வைக்கும் பிரகஸ்பதிகள்!

பொழுதுபோக்குக்குத்தான் நான் இதை ஆரம்பித்தேன். அரிட்டாபட்டி விவகாரத்துக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. மேலூர்ப் பக்கம் ஏழு குன்றுகளும் சுனைகளும் ஏரிகளும் உள்ள ஊர் அது. பிராமி எழுத்து, தீர்த்தங்கரர் சிற்பம், பாண்டியர் காலக் குடைவரை எல்லாம் உண்டு. ராசாளி, வல்லூறு, தேவாங்கு, எறும்புதின்னி வாழும் இடம். 2022 நவம்பரில், அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே வருஷம். 2024 நவம்பரில் அந்த ஊரையும் உள்ளடக்கிய சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஊர் ஊராக எழுந்தார்கள். பெண்கள் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரி 7-ந் தேதி மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்குப் பெருங்கூட்டமாகத் திரண்டு வந்தார்கள். 23-ந் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தப் பக்கத்தில் கிரானைட்டுக்காக அறுபட்ட குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதற்றம் புரியும். அங்கே முன்னால் மலை இருந்தது என்று சொல்ல, பலரிடம் ஒரு படம்கூட இல்லை.

ஆகவே ஒரே இடத்தில், ஒரே எண்ணில் நின்று, மழைக்கு முன்னும் பின்னும் கோடையிலும் படம் எடுத்து, தேதி எழுதி வைக்கிறேன். கண்மாய் நிரம்பியது, வற்றியது எல்லாம் அதில் இருக்கிறது. காமிரா அமைப்பில் "லொகேஷன்" போட்டிருந்தால் இட எண் படத்தோடு பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்த எண் போய்விடும். டாகுமெண்ட்டாக அனுப்பினால் கூடவே போகும்.

இளம் தாய்மார்களே, இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மலையிலிருந்து திரும்பியதும் அந்த லொகேஷனை அணைத்துவிடுங்கள். வாசலில் குழந்தைக்குச் சோறு ஊட்டும் படத்தில் உங்கள் வீட்டின் எண் பதிந்து யார் கைக்கோ போக வேண்டாம். பறவைக் கூடு, தேவாங்கு இருக்கும் மரம், இவற்றின் எண்ணையும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

தனியாகப் போகாதீர்கள். 2010-ல் யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கும் பேச்சு எழுந்து, நரசிங்கம், ஒத்தக்கடைப் பக்கத்து மக்கள் எதிர்த்தபோது, அதையொட்டி எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய அமைப்பு பசுமை நடை. இந்த மலைகளுக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்களை அழைத்துப் போய்ப் பழக்கியவர்கள் அவர்கள்.

சேலையைவிடச் சுடிதார் சௌகரியம். வழுக்காத செருப்பு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், எலுமிச்சஞ்சாதம் போதும். மலைப்பக்கம் கழிப்பறை கிடையாது, கிளம்பும்போதே கவனியுங்கள். பாறை இடுக்கில் பெரிய தேன்கூடு இருந்தால் சத்தமில்லாமல் விலகிவிட வேண்டும். சென்ட் பூசிக்கொண்டு போகவே கூடாது. ஒரு மஞ்சப்பையில் நம் குப்பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் பாறை அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும், அப்போது வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் காலை ஆறரைக்கு அடிவாரத்தில் இருந்தால், கண்மாயில் தண்ணீரும் இருக்கும், அதில் மலை தலைகீழாகவும் தெரியும்.