மாரிகாலமும் வீட்டுச் சூரிய மின்தகடும்

வானம் மூடிக் கிடக்கும் மாரிகாலத்தில் சூரிய மின்தகட்டினாற் பயனில்லை என்பது கமக்காரர் பலரது எண்ணம். இது முழு உண்மையன்று. மின்தகடு ஒளியினால் தொழிற்படுவதேயன்றி வெப்பத்தினாலன்று. முகிலை ஊடுருவிப் பரந்து வரும் ஒளியும் மின்னைத் தரும். முகில் மிகுந்த ஜேர்மனி நாட்டில் 2023ஆம் ஆண்டு உற்பத்தியான மின்சாரத்திற் பத்திலொரு பங்குக்கு மேல் சூரிய ஒளியினின்றே பெறப்பட்டது.

ஆயினும், கருமுகில் சூழ்ந்த நாளிற் கிடைப்பது தெளிந்த நாளிற் கிடைப்பதன் நாலிலொரு பங்களவே. அடைமழையில் அது இன்னுங் குறையும். ஆகவே கோடை வரவை நம்பி மாரிச் செலவைத் திட்டமிடுதல் கூடாது.

வரவு செலவுக் கணக்கு

9 உவாற்று விளக்குகள் நான்கு, இரவில் 5 மணி நேரம் எரிந்தால் 180 உவாற்றுமணி செலவாகும். 40 உவாற்று மின்விசிறி 6 மணி நேரம் சுழன்றால் 240 ஆகும். 200 உவாற்றுத் தகடொன்று, இழப்புகள் நீங்க, தெளிந்த நாளில் ஏறக்குறைய 600 உவாற்றுமணியும் முகில் நாளில் 150 உவாற்றுமணியும் தரும். 12 வோல்ற்று, 100 அம்பியர்மணி கொண்ட ஈய அமிலப் பற்றரியில் அரைப்பங்காகிய 600 உவாற்றுமணியையே எடுத்தல் வேண்டும். அதற்கு மேல் எடுப்பின் அதன் ஆயுள் குறையும்.

மழை நாட்களில் விளக்கை மாத்திரம் பாவித்தால் வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகும். விசிறியையும் பாவித்தால் நாளொன்றுக்கு 270 உவாற்றுமணி பற்றரியினின்று குறைந்து, மூன்றாம் இரவில் வீடு இருளடையும்.

தகட்டைப் பொருத்தும் முறை

1. தகட்டைத் தெற்கு நோக்கி, ஏறக்குறைய 10 பாகை சரிவில் அமைத்தல் நன்று. மாரி மாதங்களிற் சூரியன் நமக்குத் தெற்கே நிற்பதால் அப்போது ஒளி கூடுதலாக விழும். சரிவின் வழியே மழைநீர் ஓடித் தூசியையுங் கழுவும்.

2. தென்னோலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் வரவு பெரிதுங் குறையும். மாரி தொடங்குமுன் கிளைகளைத் தறித்து, பறவை எச்சத்தையும் கீழ்விளிம்பிற் படியும் பாசியையும் நீக்குக. ஈரக்கூரையில் ஏறுதல் ஆபத்தாகும்.

3. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடிமின்னல் மிகுதி. ஆதலால் நிலத்தொடுப்பைத் தகுதியுள்ள மின்வினைஞரைக் கொண்டு பரிசோதிப்பித்தல் அவசியம்.

நீரிறைத்தல்

மரக்கறித் தோட்டத்துக்கு நீர் மிகுதியாக வேண்டப்படுவது வெயில் மிகுந்த காலத்திலேயாம். ஆதலின் நீரிறைக்கும் இயந்திரத்துக்குப் பற்றரி வேண்டியதில்லை. பகலில் இறைத்து நீர்த்தாங்கியில் நிரப்பி வைத்தல் செலவு குறைந்த முறையாகும்.

வாங்குமுன் கேட்க வேண்டியது

பொது மின்வழங்கலுடன் இணைக்கப்பட்டு, பற்றரி இல்லாத அமைப்பு, வெளியே மின் தடைப்பட்டதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்வோரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. புயலிரவிலும் விளக்கு வேண்டுவோர் பற்றரியுள்ள அமைப்பையே கேட்டு வாங்குவாராக.