கயா அருகே விழுந்த செவ்வாய்க் கல்

ஹௌராவிலிருந்து டில்லிக்கு ரயிலில் போனவர்கள் கயா ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அதற்குத் தெற்கே, கிராண்ட் டிரங்க் ரோடில் உள்ள சிற்றூர் ஷேர்காட்டி. பீகாருக்கு வெளியே அந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் விண்கற்களை ஆராய்கிறவர்களுக்கு, அவர்கள் அமெரிக்காவில் இருந்தாலும் ஜப்பானில் இருந்தாலும், அந்த ஊர்ப் பெயர் மனப்பாடம்.

1865 ஆகஸ்டு 25-ம் தேதி காலை அங்கே வானிலிருந்து ஒரு கல் விழுந்தது. எடை சுமார் 5 கிலோ. அது கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. 1872-ல் வியன்னாவில் குஸ்தாவ் செர்மாக் என்ற அறிஞர் அதன் துண்டு ஒன்றை ஆராய்ந்தார். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டாகும் பாறையைப் போலவே அது இருந்தது. அதிலிருந்த ஒரு கனிமம் மட்டும் கண்ணாடி போல மாறியிருந்தது. பயங்கரமான மோதலின் அதிர்ச்சியே அதற்குக் காரணம் என்பது வெகு காலம் கழித்துத்தான் விளங்கிற்று.

இதற்கு உறவான கற்கள் வேறு இரண்டு இடங்களிலும் விழுந்தன. 1815-ல் பிரான்சில் ஷாசினி. 1911-ல் எகிப்தில் நக்லா. நக்லாவில் விழுந்த கல் ஒரு நாயைக் கொன்றுவிட்டது என்ற கதை இன்றும் உலவுகிறது. கதைதான், ஆதாரம் கிடையாது.

வயதில் வந்த சிக்கல்

வானிலிருந்து விழும் கற்களில் பெரும்பாலானவை சுமார் 456 கோடி ஆண்டு வயதானவை. நக்லா கல்லோ வெறும் 130 கோடி. ஷேர்காட்டிக் கல் அதனினும் இளையது. 20 கோடிக்கும் குறைவு என்றே இன்றைய அளவீடுகள் காட்டுகின்றன. டம்ளரில் ஊற்றிய காப்பி சீக்கிரம் ஆறிவிடும். அண்டாவில் கொதித்த தண்ணீர் ஆற வெகுநேரம் பிடிக்கும். சிறு கோள்கள் டம்ளர் காப்பி போன்றவை. என்றோ ஆறிப் போனவை. அண்மைக் காலம் வரை எரிமலை கக்கியது என்றால் அது பெரிய கிரகமாகத்தான் இருக்க வேண்டும். சந்திரனா? 1969 முதல் 1972 வரை அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த கற்களுடன் இவை ஒத்துப் போகவில்லை. மிஞ்சியது செவ்வாய்.

ஆயினும் பலர் நம்ப மறுத்தனர். செவ்வாயின் ஈர்ப்பை மீற ஒரு கல் வினாடிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். அந்த வேகத்தில் தூக்கியெறியும் மோதலில் கல் உருகிவிடாதா? நியாயமான கேள்வி. 1982-ல் அண்டார்டிகாவில் கிடைத்த ஒரு கல் சந்திரனிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் இந்த மறுப்பின் சூடு தணிந்தது.

முடிவான சாட்சியும் அண்டார்டிகாவிலிருந்தே வந்தது. 1979-80 பருவத்தில் பனியில் கிடைத்த, ஏறக்குறைய 8 கிலோ எடையுள்ள ஒரு கல்லில் கறுப்புக் கண்ணாடிப் புள்ளிகள் இருந்தன. அவற்றில் வாயு சிறைப்பட்டிருந்தது. அமெரிக்க விஞ்ஞானிகள் டொனால்டு போகார்டும் பிராட் ஜான்சனும் 1983-ல் அதை அளந்தார்கள். 1976-ல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கி அளந்த காற்றின் கணக்கோடு அது கைரேகை போலப் பொருந்திற்று!

செவ்வாயில் எந்த இடம்?

கிரகம் தெரிந்தது, ஊர் தெரியவில்லை. விண்வெளியில் திரியும் கல்லின் மீது காஸ்மிக் கதிர்கள் விட்டுச் செல்லும் தடயத்தைக் கொண்டு, அது எத்தனை காலம் பயணம் செய்தது என்று கணக்கிடலாம். ஷேர்காட்டி வகைக் கற்களில் ஒரு கூட்டம் ஏறத்தாழ 11 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மோதலில் கிளம்பியது. அந்த வயதுள்ள பெரிய குழி செவ்வாயில் எங்கே? குழியைச் சுற்றிச் சிதறிய மண்மீது பிற்பாடு விழுந்த சின்னஞ்சிறு குழிகளை எண்ணினால் வயது தெரியும். மனிதன் எண்ணி மாளாது. ஆஸ்திரேலியாவின் கர்டின் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த அந்தோனி லகேன் குழுவினர் கம்ப்யூட்டருக்குப் பழக்கி, 9 கோடி குழிகளை அடையாளம் காணச் செய்தார்கள். 2021-ல் அவர்கள் சுட்டிய இடம், தார்சிஸ் எரிமலைப் பிரதேசத்தில் உள்ள டூட்டிங் என்ற குழி. லண்டனில் இலங்கைத் தமிழர் பலர் வாழும் டூட்டிங்கின் பெயர்தான் அதற்கு இடப்பட்டிருக்கிறது!

இது கண்ணால் கண்ட சாட்சி அல்ல, பலமான அனுமானம். ஆனால் பலன் பெரிது. தார்சிஸின் எரிமலைகளில் ஒலிம்பஸ் மான்ஸ் எவரெஸ்டைப் போல் இரண்டரை மடங்கு உயரம். அந்தப் பிரதேசத்தின் அடியில் பல நூறு கோடி ஆண்டுகள் உலை எரிந்திருக்கிறது என்பதைக் கையில் பிடித்த கல்லைக் கொண்டே சொல்ல முடிகிறது. 2024-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக் கழகத்தினர், சுமார் 200 செவ்வாய்க் கற்களைத் தார்சிஸ், எலிசியம் ஆகிய இரு பகுதிகளில் உள்ள ஐந்து குழிகளோடு இணைத்தனர்.

ஷேர்காட்டிக் கல் டூட்டிங் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. அதற்கும் முன்பே, வேறொரு மோதலில் புறப்பட்டது. அதன் ஒரு துண்டு லண்டன் மியூசியத்தில் இருக்கிறது. பெரும்பகுதி கொல்கத்தாவில், இந்திய நில இயல் ஆய்வுத் துறையின் வசம்.