தொலைவிலிருந்து ஏவும் சொல்

நுழையும்முன்

ஒரு கணினிமுன் அமர்ந்து அதனை இயக்குவது அனைவரும் அறிந்த செயல். அந்தக் கணினி வேறொரு நகரில், பூட்டிய அறைக்குள் இருக்கும்போதும் அதனை இயக்கவும் பேணவும் முடியும். வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம், பல்கலைக்கழகம் எனப் பல இடங்களில் கணினிகள் இவ்வாறே பேணப்படுகின்றன. ஒரு வரியில் எழுதப்படும் சிறு கட்டளை, பல கிலோமீட்டர் தொலைவில் பெருஞ்செயலாக மாறுகிறது. அச்சொல்லின் ஆற்றலையும், அதனைக் கையாள்வோர் மேற்கொள்ள வேண்டிய ஒழுங்கையும் இப்பாடம் விளக்குகிறது.

தொலைவில் பிறந்த சொல்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. கடலூர் மாவட்டக் கடற்கரை ஊர்கள் பேரிழப்புக்கு உள்ளாயின. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவ ஊரோ அன்று தன் மக்களைக் காத்துக்கொண்டது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் பேரலைச் செய்தியை அறிந்து தொலைபேசியில் தம் வீட்டாரை எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் அங்கு அமைந்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியாக அவ்வெச்சரிக்கை ஊர் முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் பிழைத்தனர்.

தொலைவிலிருந்து வரும் சொல் பயன்தர மூன்று தேவைகள் உண்டு. சொல் சென்றுசேர ஒரு வழி வேண்டும். சொல்பவர் நம்பத்தக்கவர் என்று கேட்பவர் அறிந்திருக்க வேண்டும். கேட்ட சொல்லைச் செயலாக்கும் கருவி அங்கே ஆயத்தமாக இருக்க வேண்டும். நல்லவாட்டில் இம்மூன்றும் அமைந்திருந்தன. தொலைவில் உள்ள கணினியை ஆளும் கலைக்கும் இவையே அடிப்படை.

படமும் எழுத்தும்

கடலூரில் ஓர் அலுவலகத்தின் வழங்கிக் கணினி இயங்குவதாகவும், அதனைப் பேணும் நிருவாகி சிதம்பரத்தில் வசிப்பதாகவும் கொள்வோம். இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவு. நடுவே பரவனாறும் வெள்ளாறும் ஓடுகின்றன. நள்ளிரவில் வழங்கி பழுதுற்றால் நிருவாகி இருந்த இடத்திலிருந்தே அதனை அணுக இரு வழிகள் உள்ளன.

முதலாவது, தொலைநிலை மேசைத்தளம். கடலூர்க் கணினியின் திரை அப்படியே சிதம்பரத்தில் தோன்றும். சுட்டியை இங்கே நகர்த்தினால் அம்புக்குறி அங்கே நகரும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1998-இல் விண்டோஸ் என்.டி. 4.0 இயங்குதளத்தின் முனைய வழங்கிப் பதிப்பில் இவ்வசதியை அளித்தது. இரண்டாவது, கட்டளைவரி. இதில் படங்கள் இல்லை. நிருவாகி எழுதும் வரி அங்கே செல்லும். விடையும் எழுத்தாகவே திரும்பி வரும்.

கட்டளைவரி பழைய முறை எனினும், அதன் வலிமையை ஓர் எளிய கணக்கு காட்டும். 1920-க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் வண்ணத்திற்கு 3 பைட்டு வேண்டுமெனில், ஒரு முழுத்திரைக்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைட்டு வேண்டும். வரிக்கு 80 எழுத்து வீதம் 24 வரிகள் கொண்ட பழைய முனையத்திரை முழுவதும் நிறைந்தாலும் 1,920 ஆங்கில எழுத்துகளே. அவற்றுக்கு 1,920 பைட்டு போதும். மேசைத்தள மென்பொருள்கள் படத்தைச் சுருக்கியும், மாறிய பகுதியை மட்டும் அனுப்பியும் சுமையைக் குறைக்கின்றன. ஆயினும் இணைப்பு நலிந்த வேளையில் படம் உறைந்து நிற்கும். எழுத்து மட்டும் சென்று சேரும்.

கட்டளைத் தொடரின் இலக்கணம்

கட்டளை என்பது ஏவல். தமிழில் 'கோப்பை நகலெடு' என்று செயப்படுபொருளை முன்னும் வினையை இறுதியிலும் வைக்கிறோம். கட்டளைவரியில் வினை முதலில் வரும், அடுத்து அவ்வினை நடைபெற வேண்டிய முறை, இறுதியில் செயப்படுபொருள். எழுவாய் வெளிப்படையாக வராது. 'நீ செய்' என்னும் ஏவலில் 'நீ' தோன்றா எழுவாயாக நிற்பதுபோலக் கணினியே இங்குத் தோன்றா எழுவாய்.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். மெதுவாக இயங்கும் தட்டச்சு முனையங்களே அன்று பயன்பட்டமையால் கட்டளைகளுக்கு மிகச் சிறிய பெயர்கள் வழங்கப்பட்டன. பட்டியலிட 'எல்எஸ்', நகலெடுக்க 'சிபி', நீக்க 'ஆர்எம்' என்பன அவை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸும் இம்மரபையே பின்பற்றியது.

'வேலை கொடு' என்பதற்கும் 'வேலைக் கொடு' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரே ஓர் ஒற்று. முன்னது பணியைத் தரச் சொல்கிறது. பின்னது வேற்படையைத் தரச் சொல்கிறது. கட்டளைவரியிலும் ஒரு சிறு குறி பொருளை மாற்றிவிடும். நீக்கற் கட்டளையில் கோப்புறையின் முகவரிக்கு நடுவே தவறி ஓர் இடைவெளி விழுந்தால், அது ஒரு முகவரியாகாமல் இரு முகவரிகளாகப் பொருள்படும். நீக்கக் கருதாத பெருங்கோப்புறையும் அழியக்கூடும். கட்டளைவரியில் அழிந்தது பொதுவாகக் குப்பைத்தொட்டியில் தங்குவதில்லை. எனவே, நீக்கும்முன் அதே முகவரியைப் பட்டியற் கட்டளையிடம் கொடுத்து, எவை அகப்படுகின்றன என்று பார்த்த பின்னரே நீக்குதல் நன்று.

பாதுகாப்பான வழி

தொலைக்கணினியை அணுகத் தொடக்கத்தில் பயன்பட்டது டெல்நெட். அதில் கடவுச்சொல் உள்ளிட்ட அனைத்தும் மறைப்பின்றிச் சென்றன. வழியில் ஒட்டுக்கேட்பவர் எளிதில் படித்துவிடலாம். ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் இவ்வாறு திருடப்பட்டதையடுத்து, அங்கிருந்த டாட்டு யிலோனென் 1995-இல் 'எஸ்எஸ்எச்' என்னும் மறையாக்க வழியை உருவாக்கினார். 1999-இல் வெளிவந்த ஓப்பன் எஸ்எஸ்எச் என்னும் கட்டற்ற மென்பொருள் இன்று உலகெங்கும் வழங்குகிறது.

இவ்வழியில் கடவுச்சொல்லைவிடச் சிறந்தது திறவுகோல் இணை. நிருவாகி தம் கணினியில் இரு திறவுகோல்களை உருவாக்குகிறார். பொதுத் திறவுகோல் கடலூர் வழங்கியில் வைக்கப்படும்; தனித் திறவுகோல் சிதம்பரத்தை விட்டு வெளியேறாது. இணைப்புக் கேட்கும்போது, தனித் திறவுகோலால் மட்டுமே இடத்தக்க ஓர் எண்முறைக் கையொப்பம் அனுப்பப்படும். வழங்கி தன்னிடமுள்ள பொதுத் திறவுகோலைக் கொண்டு அதனைச் சரிபார்க்கும். கமுக்கம் எதுவும் வழியிற் செல்லாமையால் திருடுவதற்கும் ஒன்றுமில்லை. தனித் திறவுகோற் கோப்புக்கும் ஒரு கடவுத்தொடர் இட்டுக் காத்தல் வேண்டும்.

வழங்கி நிருவாகியை ஐயுறுவதுபோல நிருவாகியும் வழங்கியை ஐயுற வேண்டும். முதல் இணைப்பின்போது வழங்கியின் 'விரல்ரேகை' திரையில் காட்டப்படும். அது முன்பே குறித்துவைத்த விரல்ரேகையோடு ஒத்திருக்கிறதா என்று பாராமல் 'ஆம்' என விடையளிப்பது, குரலை அறியாமல் கதவைத் திறப்பதற்கு ஒப்பாகும்.

மேசைத்தளம் தேவைப்படும் வேளையிலும் எஸ்எஸ்எச் உதவும். விண்டோஸ் தொலைநிலை மேசைத்தளம் இயல்பாக 3389 என்னும் வாயிலில் காத்திருக்கும். அவ்வாயிலைப் பொது இணையத்துக்குத் திறந்து வைப்பது பேரிடர். மாறாக, எஸ்எஸ்எச் இணைப்புக்குள் ஒரு சுரங்கவழி அமைத்து, அதனூடே மேசைத்தளத்தை அணுகலாம். வெளியில் தெரிவது மறையாக்கம் பெற்ற ஒரு வாயில் மட்டுமே.

தெரியுமா?

2019 மே மாதத்தில் 'புளூகீப்' எனப்பட்ட பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. விண்டோஸின் பழைய பதிப்புகளில் கடவுச்சொல் இன்றியே தொலைநிலை மேசைத்தள வழியாக ஊடுருவ அது இடந்தந்தது. ஆதரவு நிறுத்தப்பட்டிருந்த எக்ஸ்பி பதிப்புக்கும்கூட மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அப்போது திருத்தம் வெளியிட்டது.

முதலில் நோக்கு, பிறகு ஏவு

பழுது என்றவுடன் கணினியை நிறுத்தித் தொடங்குவது பலரின் பழக்கம். நல்ல நிருவாகி முதலில் நோய் நாடுவார். 'அப்டைம்' கட்டளை, கணினி எவ்வளவு நேரமாக இயங்குகிறது, அதன் சுமை எவ்வளவு என்பவற்றைக் கூறும். 'டாப்' எந்தச் செயல் மிகுதியாக உழைக்கிறது என்று காட்டும். 'டிஎஃப்' வட்டில் எஞ்சிய இடத்தைத் தெரிவிக்கும். 'ஜர்னல்சிடிஎல்' நிகழ்வுப் பதிவேட்டைத் திறக்கும். இவை எதனையும் மாற்றுவதில்லை. பார்த்துச் சொல்வன மட்டுமே. காரணம் தெரிந்த பின்னரே மாற்றும் கட்டளைகளை இட வேண்டும்.

நெடுநேரம் நிகழும் பணியை 'டிமக்ஸ்' அல்லது 'ஸ்கிரீன்' என்னும் கருவிக்குள் தொடங்குவது நலம். இடையில் இணைப்பு அறுந்தாலும் பணி கடலூரில் தொடர்ந்து நடக்கும். மீண்டும் இணைந்ததும் விட்ட இடத்தில் காணலாம். கோப்புகளைக் காப்புப்படி எடுக்க 'ஆர்சிங்க்' ஏற்றது. ஏற்கெனவே படியெடுத்தவற்றை விடுத்து மாறியவற்றை மட்டுமே அது அனுப்பும்.

இருந்த கிளையை வெட்டாமை

தொலைநிலை நிருவாகத்தின் பெருந்தவறு, தான் நுழைந்த வாயிலைத் தானே அடைத்துவிடுவது. தீச்சுவர் விதி ஒன்றை மாற்றும்போது எஸ்எஸ்எச் வாயிலையும் சேர்த்து அடைத்துவிட்டால், திருத்துவதற்கும் வழி இராது. அதனைத் தவிர்க்கச் சில நெறிகள் உள்ளன.

அமைப்புக் கோப்பை மாற்றும்முன் அதன் படியை எடுத்து வைக்க வேண்டும். மாற்றிய கோப்பில் பிழை உண்டா எனச் சோதிக்கும் கட்டளையை இட்ட பின்னரே அதனை நடைமுறைப்படுத்த வேண்டும். பழைய இணைப்பை மூடாமல், புதிதாக மற்றோர் இணைப்பைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். அது வெற்றி பெற்றால் மட்டுமே பழையதை மூடலாம். தீச்சுவரை மாற்றும்முன், பத்து நிமிடத்தில் பழைய விதிகள் தாமே மீளும்படி 'அட்' கட்டளையால் ஏற்பாடு செய்யலாம். எல்லாம் நன்றாயின் அவ்வேற்பாட்டை நீக்கிவிடலாம்; வழி அடைபட்டுப்போயின் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும்.

விண்டோஸில் 'ஷட்டவுன்' கட்டளையுடன் 'ஆர்' என்னும் எழுத்தைச் சேர்த்தால் கணினி நின்று மீண்டும் தொடங்கும். 'எஸ்' சேர்த்தால் நின்றுவிடும். நின்ற கணினியின் பொத்தானை அழுத்த ஒருவர் நேரில் செல்ல வேண்டும். ஓர் எழுத்துப் பிழையின் விலை நள்ளிரவில் 45 கிலோமீட்டர்ப் பயணம்! நிறுத்தம் நிகழும்முன் உள்ள சிறு இடைவெளியில் 'ஏ' சேர்த்து அதே கட்டளையை இட்டால் நிறுத்தம் கைவிடப்படும். இரு முனையங்கள் திறந்திருக்கும்போது, எக்கணினிக்கு ஏவுகிறோம் என்பதை 'ஹோஸ்ட்நேம்' கட்டளையால் உறுதிசெய்த பின்னரே நிறுத்தற் கட்டளையை இடுதல் வேண்டும்.

புயற்காலமும் கணினியும்

இந்நெறிகளின் தேவையைக் கடலூர் மாவட்டம் நன்கு உணரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. 2015-ஆம் ஆண்டுப் பெருமழையும் 2024-இல் ஃபெஞ்சல் புயலையடுத்துத் தென்பெண்ணையில் பெருகிய வெள்ளமும் மாவட்டத்தை வருத்தின. சாலை துண்டிக்கப்படும் வேளையில் தொலைநிலை அணுகலே நிருவாகிக்குத் துணை. மின்சாரமும் இணைப்பும் அற்றுவிட்டால் அத்துணையும் இல்லை. ஆதலால் புயல் எச்சரிக்கை வந்தவுடன், வழி திறந்திருக்கும்போதே காப்புப்படி எடுத்து வேறோர் ஊருக்கு அனுப்ப வேண்டும். அதிலிருந்து கோப்புகளை மீட்க முடிகிறதா என்றும் சோதிக்க வேண்டும். மின்கலன் தீருமுன் வழங்கியை முறையாக நிறுத்த வேண்டும். வழங்கி இருக்குமிடத்தில் நம்பத்தக்க ஒருவரிடம் அறைத்திறவுகோலும் எழுதிய குறிப்பும் இருத்தல் வேண்டும்.

ஆளும் உரிமையும் அறமும்

நிருவாகியின் கையில் பிறர் சம்பளப் பட்டியலும் மருத்துவக் குறிப்பும் மதிப்பெண்ணும் உள்ளன. அவற்றைத் திறக்க முடியும் என்பதாலேயே திறக்கும் உரிமை வந்துவிடாது. உரிமையாளரின் இசைவின்றிக் கணினியை அணுகுவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு தவறு என்கிறது. அதனை நேர்மையற்ற நோக்குடனோ வஞ்சகமாகவோ செய்தால், 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தொலைபேசியில் அழைத்து, 'தொலைநிலை மென்பொருளை நிறுவுங்கள்; வங்கிக் கணக்கைச் சரிசெய்கிறோம்' என்று கூறுவோரிடமும் விழிப்பு வேண்டும். அவ்வாறு இணங்குவது, முகமறியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதாகும்.

நல்லவாட்டில் ஒலிபெருக்கியின் சொல்லை மக்கள் நம்பி நடந்தனர். கணினி, முறையான திறவுகோலுடன் வரும் எந்தச் சொல்லையும் ஆராயாமல் நிறைவேற்றும். ஆராயும் பொறுப்பு முழுவதும் ஏவுவோரையே சாரும். 'உள்ளிடு' விசையை அழுத்தும்முன் எழுதிய வரியை ஒருமுறை திரும்பப் படிப்பது அப்பொறுப்பின் தொடக்கம்.

கற்பவை கற்றபின்...

1. ஓர் ஒற்றால் பொருள் வேறுபடும் தொடர்கள் ஐந்தினைத் தொகுத்து, கட்டளைவரியில் ஏற்படும் பிழைகளோடு ஒப்பிட்டுப் பேசுக.

2. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்துக்குப் புயற்கால முன்னேற்பாட்டுக் குறிப்பு ஒன்றினை எழுதுக.

3. 'திறக்க முடியும் என்பதாலேயே திறக்கும் உரிமை வந்துவிடாது' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.