பழைய லான்ட் றோவரைப் புதுக்கும் முறை

பழுதுற்ற பொருளைச் செப்பஞ்செய்து மீண்டும் வழங்குதல் எம் முன்னோருக்கு நாளாந்தக் கருமமாய் இருந்தது. கலப்பையின் கொழு தேய்ந்தால் அது கொல்லன் உலைக்குச் சென்றது. தோணியின் பலகைகள் விலகினால் இடைவெளி அடைக்கப்பட்டது. மாட்டுவண்டிச் சில்லின் ஆரக்கால் முறிந்தால் தச்சன் புதிய ஆரக்கால் ஒன்றைச் செதுக்கிப் பூட்டினான். ஓர் ஆரக்காலுக்காக வண்டி முழுவதையும் எறிந்துவிடுக என்று எவரும் கூறவில்லை. மோட்டார் வண்டி வந்த பின்னரோ இவ்வழக்கம் எம்மைவிட்டு மெல்ல நீங்கலாயிற்று. ஆயினும் வீட்டிலேயே பழுதகற்றத்தக்க மோட்டார் வண்டிகளும் உள. அவற்றுள் தலையாயது லான்ட் றோவர்.

வெருகலிலே, பள்ளிப் பணி ஒழிந்த வேளைகளில், இரண்டாந் தொடரைச் சேர்ந்த பழைய லான்ட் றோவர் ஒன்றை வீட்டுக் கொட்டிலில் வைத்துப் பழுதகற்றியபோது நாம் கற்றவற்றை இங்கே தொகுத்துரைக்கின்றோம். தமிழாசிரியருக்கும் ஸ்பானருக்கும் யாது தொடர்பு என வினவுவோரும் உளர். பழைய ஏடுகளைப் பரிசோதித்துப் பதிப்பித்தோர் பணிக்கும் இப்பணிக்கும் உள்ள உறவைப் பின்னர்க் காட்டுவோம்.

நான்கு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் வலுவைச் செலுத்தும் சிறு வண்டியை உலகறியச் செய்தது இரண்டாம் உலக யுத்தமாகும். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், போர்ட் என்னும் இரு கம்பனிகளும் ஏறத்தாழ 640,000 ஜீப் வண்டிகளைச் செய்தன. யுத்தம் முடிந்தபின், இங்கிலாந்தின் றோவர் கம்பனியிலே தலைமைப் பொறியியலாளராயிருந்த மோரிஸ் வில்க்ஸ் என்பார் தமது பண்ணையில் அத்தகைய ஜீப் ஒன்றை வைத்து வேலைவாங்கினார். அதற்கு ஈடான பண்ணை வண்டி ஒன்றைத் தமது கம்பனியே செய்தல் வேண்டும் என்று எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனாகிய லான்ட் றோவர் 1948 ஏப்ரில் 30ஆந் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. முதற்றொடர் 1948 முதல் 1958 வரையும், இரண்டாந் தொடர் 1958 முதலும், மூன்றாந் தொடர் 1971 முதல் 1985 வரையும் வெளிவந்தன.

அந்நாளில் இங்கிலாந்திலே உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியது. ஆதலின் வண்டியின் உடற்பகுதி அலுமினியக் கலப்புலோகத் தகட்டால் ஆயிற்று. அதனைத் தாங்கும் சேசிஸ் உருக்குத் தகடுகளைப் பெட்டிபோல் ஒட்டிச் செய்யப்பட்டது. உடல் அலுமினியம், எலும்பு உருக்கு என்னும் இச்செய்தியை வாசகர் மனத்திற் கொள்வாராக. புதுக்குவோன் எதிர்கொள்ளும் இன்ப துன்பங்களுட் பெரும்பாலன இதிலிருந்தே பிறக்கின்றன. இன்பம் யாதெனில், உடற்பகுதிகள் போல்ற் ஆணிகளாற் பூட்டப்பட்டிருத்தல். மட்காப்பு, கதவு, கூரை, பின்தொட்டி ஆகியவற்றை இருவர் நின்று கழற்றி இறக்கலாம். துன்பத்தை இனிக் கூறுவோம்.

வெருகலாறு மாவலி கங்கையின் கிளை. மாரியிலே அது பெருகி அயல் நிலங்களை மூடும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கடலோர வீதியில், ஆறுகளையும் கழிகளையும் பாதையில் ஏறியே கடக்கவேண்டியிருந்த காலம் நெடிது. 2009இல் கிண்ணியாப் பாலமும், தொடர்ந்து ஏனைய பாலங்களும் திறக்கப்பட்ட பின்னரே அந்நிலை மாறியது. இத்தகைய நிலத்துக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி பெரிதும் உகந்தது. ஆனால் அதே நிலத்தின் உவர்நீரும் உப்புக்காற்றும் அதன் எலும்பை அரித்தன. அதற்கு மேலும் இடர்கள் வந்தன. 1990இலும் 2006இலும் ஊரைவிட்டு ஓடியவர்கள் வீட்டையும் வண்டியையும் ஒருங்கே விட்டுச் சென்றனர். 2004 திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோரத்தை விழுங்கியது. எஞ்சியவற்றுட் பல பழைய இரும்பு வாங்குவோரின் தராசில் ஏறின. ஆதலின் இன்று ஒரு பழைய வண்டி கொட்டிலொன்றில் அகப்படுமாயின், அதனை நோக்கும் கண் வேறாதல் வேண்டும்.

முதலிற் செய்யத்தக்கது கழற்றுதலன்று, ஆராய்தல். சேசிஸில் வெட்டப்பட்டுள்ள இலக்கம் பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கத்தோடு ஒத்திருக்கின்றதா என நோக்குக. ஒவ்வாத வண்டியை வாங்குபவன் வழக்கையும் உடன் வாங்குகின்றான். பழைய இலக்கத்தகட்டையும் எறிந்துவிடலாகாது. 1957இல் புகுத்தப்பட்ட ‘ஸ்ரீ’ எழுத்துத் தகடு இந்நாட்டிலே எத்துணைப் பெருங் கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று என்பதை மூத்த பழைய மாணவர் அறிவர். ஒரு தகரத் துண்டும் வரலாற்றுச் சான்றாகும்.

அடுத்து, சிறு சுத்தியல் ஒன்றினாற் சேசிஸை அடிமுதல் நுனிவரை தட்டிப் பார்த்தல் வேண்டும். நல்ல உருக்கு மணிபோல் ஒலிக்கும். கறள் தின்ற உருக்கு மந்தமாய் ஒலிக்கும். பெட்டி வடிவான சேசிஸினுள்ளே சேறு தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால், கறள் உள்ளிருந்து வெளியே வருகின்றது. வெளியில் ஒரு சிறு கொப்புளம் தோன்றும்போது உள்ளே பெரும்பகுதி அழிந்திருத்தல் கூடும். பின்பக்கக் குறுக்குச் சட்டமும், சாரதியின் காலடியிலுள்ள உருக்குத் தகடும், உடலைத் தாங்கப் பக்கங்களில் நீண்டிருக்கும் கைகளும் முதலில் அழிவன.

கழற்றத் தொடங்குமுன் ஒரு கொப்பியும் புகைப்படக் கருவியும் அருகிருத்தல் அவசியம். இக்காலத்திற் கைத்தொலைபேசியே அக்கருவியாகின்றது. ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் படமெடுத்து, கழற்றிய போல்ற், வாசர் என்பவற்றைத் தனித்தனிப் போத்தல்களில் இட்டுப் பெயரெழுதி வைத்தல் வேண்டும். இறுகிய போல்றை வலிந்து திருப்பினால் முறியும். ஊடுருவும் எண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் விட்டு, மறுநாள் இலேசாகத் தட்டி, சிறிது இறுக்கிப் பின் தளர்த்துக. பொறுமை இங்கே பலத்தினும் பெரிது.

சிறிய உருக்குப் பொருள்களின் கறளை நீக்க எளியதொரு வழியுண்டு. பிளாஸ்ரிக் தொட்டியொன்றில் நீரை நிரப்பிச் சலவைச் சோடாவைக் கரைத்து, கறள் பிடித்த பொருளைப் பற்றரி சார்ஜரின் எதிர்முனையோடும், பயனற்ற இரும்புத் தகடொன்றை நேர்முனையோடும் இணைத்து, ஒன்றையொன்று தொடாதவாறு அமிழ்த்துக. சில மணி நேரத்திற் கறள் இளகும். அப்போது எரியத்தக்க ஐதரசன் வாயு எழுவதால் இதனைத் திறந்த வெளியிலேயே, நெருப்புக்கு எட்டச் செய்தல் வேண்டும். நேர்முனையிற் கறளாத உருக்கைப் பயன்படுத்தின் நச்சுப் பொருள் உண்டாகும். அலுமினியத்தை இத்தொட்டியில் ஒருபோதும் இடலாகாது, அது கரைந்துவிடும்.

அலுமினியத்துக்குக் கறள் இல்லை என்று மகிழ்வோர் அது உருக்கைத் தொடும் இடங்களை நோக்குவாராக. இருவேறு உலோகங்கள் உவர்நீர் நடுவே தொட்டுக்கொண்டிருப்பின் அவ்விடம் சிறியதொரு மின்கலமாகின்றது. அங்கே அலுமினியமே அழிந்து வெண்பொடியாய் உதிரும். இதனைத் தடுக்க, இரண்டுக்கும் இடையே றப்பர்த் துண்டு அல்லது தகுந்த பூச்சு இருத்தல் வேண்டும். நாகம் பூசிய போல்றுகளே ஏற்றவை. அலுமினியத்தில் வண்ணம் நிலைக்க அதற்கெனவுள்ள அடிப்பூச்சு தேவை. பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருத்தல் கூடுமாதலின் அதனை உலர்ந்த நிலையில் உரைத்துத் தூசி எழுப்பலாகாது. நீர் விட்டே உரைத்தல் நன்று.

இனி இயந்திரம். நெடுங்காலம் கிடந்த இயந்திரத்தை உடனே ஓட்ட முயலுதல் கேடு. பிளக்குகளைக் கழற்றி, உள்ளே எண்ணெய் சிறிது ஊற்றிச் சில நாள் விட்டபின், முன்புறத் துளையிற் சுழற்றுகம்பியைச் செருகிக் கையாலே மெல்லச் சுழற்றுக. தடையின்றிச் சுழன்றால் நம்பிக்கை உண்டு. 2.25 லீற்றர் பெற்றோல் இயந்திரத்திலே வால்வின் இடைவெளி 0.010 அங்குலம், பொயின்ற் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை. சிலிண்டர்கள் எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2. இவ்வளவையும் ஒரு சிறு அளவுத்தகட்டைக் கொண்டே சரிசெய்யலாம். பற்றரியைப் பூட்டும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். முற்பட்ட வண்டிகளில் பற்றரியின் நேர்முனையே சேசிஸோடு இணைக்கப்பட்டது. இக்கால வழக்கை எண்ணி மாறிப் பூட்டினால் மின்கருவிகள் கெடும்.

கியர்ப் பெட்டிக்குப் பின்னால் வலுவைப் பகிரும் பெட்டி ஒன்று உண்டு. மஞ்சட் குமிழை அழுத்தினால் முன்னச்சும் சேர்ந்து இழுக்கும். சிவப்புக் குமிழைப் பின்னிழுத்தால் வேகம் குறைந்து இழுவை மிகும். காய்ந்த தார் வீதியில் நான்கு சக்கர இழுவையைப் பயன்படுத்தலாகாது. வளைவுகளில் முன் சக்கரங்கள் பின்னவற்றினும் கூடிய தூரம் செல்லுமாதலின், வழுக்குதற்கு இடமின்றிப் பொறிகள் முறுகி நோவுறும். சேறும் மணலுமே அதற்குரிய இடங்கள். முன் சக்கரங்கள் திரும்புமிடத்திலுள்ள கோள உறைகளிற் கறள் குழிவிழுந்திருந்தால் எண்ணெய் ஒழுகும். புதிய சீல் போட்டும் பயனில்லை. கோளத்தையே மாற்றுதல் வேண்டும்.

வீட்டிலே செய்யலாகாதனவும் உள. சேசிஸை உருக்கி ஒட்டுதல் பயிற்சி மிக்கவர் தொழில். ஒட்டுமுன் பெற்றோல் தாங்கியை இறக்கி அப்பாற் கொண்டுபோதலும், பற்றரியைக் கழற்றுதலும் கடமை. பிரேக்கும் சுக்கானும் பூட்டியபின் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்தாலன்றி வண்டி வீதியேறலாகாது. பழைய பிரேக் பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் உண்டு. அதன் தூசியைக் காற்றால் ஊதுதல் நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத்துணியாலே துடைத்தெடுக்க வேண்டும். பிரேக்கின் றப்பர்க் குழாய்கள் பார்வைக்கு நன்றாயிருப்பினும் புதியன போடுதலே அறிவுடைமை.

இனி, தொடக்கத்திற் கூறிய உறவுக்கு வருவோம். 1887இற் கலித்தொகையை அச்சிலேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், செல்லரித்த ஏடுகளிலே எதனைக் கண்டனர்? இருப்பதைக் காத்தல், சிதைந்ததை வேறு பிரதிகளோடு ஒப்பிட்டுத் திருத்தல், தெரியாததைத் தம் மனம்போல் இட்டு நிரப்பாதிருத்தல் என்னும் கடமைகளையன்றோ? புதுக்குவோனுக்கும் இவையே விதி. செப்பஞ்செய்தால் உழைக்கக்கூடிய பகுதியை மாற்றாதே. மாற்றுவதாயின் அதே வகை வண்டியின் பகுதியைத் தேடு. அதுவும் கிடையாதாயின் செய்த மாற்றத்தைக் கொப்பியில் எழுதி வை. பின்வருவோர் மூலம் எது, திருத்தம் எது என்று அறிதல் வேண்டும்.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1955இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் சிலர் இரண்டு லான்ட் றோவர்களில் இலண்டனிலிருந்து புறப்பட்டு 1956இல் சிங்கப்பூரை அடைந்தனர். அவற்றுள் ‘ஒக்ஸ்போர்ட்’ என்னும் வண்டி பிற்காலத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்துச் சென் ஹெலினாத் தீவிலே சிதைந்து கிடந்தது. 2017இல் அது இங்கிலாந்துக்கு மீட்டுவரப்பட்டு, பழந்தோற்றம் கெடாதவாறு பழுதகற்றப்பட்டு, 2019இற் சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கு மீண்டும் ஓடியது. வேறு நெறியும் உண்டு. டார்ஜிலிங் மலைப்பகுதியிலுள்ள மானேபஞ்சாங் என்னுமிடத்தில் 1950களின் லான்ட் றோவர்கள் சந்தக்பூ மலைக்குப் பயணிகளை நெடுங்காலம் ஏற்றிச் சென்றன. அங்குள்ளோர் பலவற்றுக்கு இந்திய டீசல் இயந்திரங்களைப் பூட்டினர். சோற்றுக்காக உழைக்கும் வண்டிக்கு அது குற்றமன்று. ஆயினும் எந்நெறியிற் செல்கின்றோம் என்பதை முதலிலேயே துணிந்துகொள்ளல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. புதிய பகுதிகளைப் பணங்கொடுத்து வெளிநாட்டிலிருந்து பெறலாம், பெறற்கரியது கையறிவு. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவியபோது, கிடைத்த இரும்பைக் கொண்டே வேண்டிய பகுதியைக் கடைந்தெடுத்த மெக்கானிக்மார் எம் ஊர்களில் இருந்தனர். இயந்திரத்தின் ஒலியைச் செவியாற் கேட்டே நோயை உரைப்பவர்கள் அவர்கள். அவர்களிற் பலர் இப்பொழுது இல்லை, எஞ்சியோர் முதுமையுற்றனர். அவர்கள் அறிந்ததை எவரும் எழுதி வைக்கவில்லை. பட்டறையிலே வழங்கும் சொற்கள்தாமும் எந்த அகராதியிலும் ஏறவில்லை. ஏட்டுச் சுவடி செல்லரித்தால் வேறொரு பிரதி எங்கேனும் கிடைக்கலாம். ஒருவர் கையோடு போன தொழிலுக்குப் பிரதி இல்லை.

ஆதலின் மாணவர்களே, விடுமுறையில் அத்தகைய ஒருவரிடம் கொப்பியோடு சென்று, அவர் ஒரு கியர்ப் பெட்டியைப் பிரிக்கும்போது அருகிலிருந்து ஒவ்வொரு படியையும், ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய மாணவர்களுள் எவர் வீட்டிலேனும் பழைய கைநூலோ, கழற்றி வைத்த பகுதியோ இருக்குமாயின், அதனைப் பழைய இரும்பாக நிறுத்து விற்றுவிடாது, பயன்கொள்வார் கையிற் சேர்ப்பிப்பார்களாக.