அப்பா என்ன செய்கிறார்?

மூட்டை சுமந்து முதுகு வளைந்த தொழிலாளி ஒருவர், வடசென்னையில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். அவர் மகன் பொறியியல் பட்டம் பெற்றான். அந்தக் குடும்பம் கண்ட முதல் பட்டம்! அரசு தந்த முதல் பட்டதாரிச் சலுகை கல்விக் கட்டணத்தில் கைகொடுத்தது. தாயின் நகை அடகுக் கடைக்குப் போய் மற்றச் செலவுக்குக் கைகொடுத்தது. நானோ பள்ளிப் படிப்போடு நின்றவன். அந்தப் பிள்ளை பட்டத்தைக் கொண்டுவந்து காட்டிய நாளில், நானே பெற்றதுபோல் நெஞ்சு நிமிர்ந்தேன்.

பட்டம் வந்தது. வேலை வந்ததா? தரகர் வந்தார்!

வாசலில் 'கன்சல்டன்சி' என்று பெயர்ப் பலகை. உள்ளே ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு ரசீதுப் புத்தகம். பதிவுக் கட்டணம் என்றார்கள், கட்டினான். பயிற்சிக் கட்டணம் என்றார்கள், கட்டினான். பேட்டிக்கு அனுப்பி வைக்கவும் கட்டணம் என்றார்கள். கடன் வாங்கிக் கட்டினான். இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயாத் தோட்டங்களுக்கும் ஆள் பிடித்த கங்காணியைப் பற்றி நம் பாட்டன்மார் கதை கதையாகச் சொல்வார்கள். அந்தக் கங்காணியாவது முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கினான். இன்றைய கங்காணி, முன்பணம் வாங்கிக்கொண்டு கடனாளியாக்குகிறான்! ஆள் தேவைப்படுவது கம்பெனிக்கு. கூலி கொடுக்க வேண்டியதும் கம்பெனிதானே? வேலை தேடுவோரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கலாகாது என்பது, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் இயற்றிய 181-ஆம் உடன்பாட்டின் பொதுவிதி. விதி ஜெனீவாவில் இருக்கிறது. ரசீதுப் புத்தகம் நம் தெருவில் இருக்கிறது.

போகட்டும். பணம் போனால் சம்பாதிக்கலாம். அடுத்து நடந்ததுதான் நெஞ்சைச் சுட்டது.

பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடி மாளிகை ஒன்று. எழுத்துத் தேர்வில் தேறினான். தொழில்நுட்பக் கேள்விகளுக்குத் தடுமாறாமல் விடை சொன்னான். கடைசியில், ஆளெடுக்கும் அதிகாரி புன்னகையோடு கேட்டாராம்: "உங்கள் குடும்பப் பின்னணியைச் சொல்லுங்கள். அப்பா என்ன செய்கிறார்?"

"மூட்டை தூக்குகிறார், சார்."

புன்னகை நின்றது. சொந்த ஊர் எது என்றார். அங்கே எந்தப் பகுதி என்றார். "சரி, தகவல் சொல்லி அனுப்புகிறோம்" என்றார். தகவல் வரவே இல்லை.

அந்தக் கேள்வியால்தான் வேலை போயிற்று என்று நான் ஆணையிட்டுச் சொல்லவில்லை. அவனைவிடத் திறமைசாலி ஒருவன் வந்திருக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: கணினிக்கு முன்னால் உட்காரப் போகிறவனுக்குக் கைவேலை தெரியுமா என்று கேள், கணக்குத் தெரியுமா என்று கேள். தகப்பன் தொழில் எதற்கு? தெருவின் பெயர் எதற்கு?

எதற்கென்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இரு அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கில நாளேடுகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஒரே படிப்பு, ஒரே தகுதி. பெயர் மட்டும் வேறு. ஒன்று உயர்சாதிப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். 2007-இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் முடிவு வெளிவந்தது. உயர்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு! ஆளைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்கவில்லை. பெயரைப் பார்த்தார்கள், பேச்சை முடித்தார்கள்.

அதே ஆண்டு, அதே இதழில், சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களில் ஆளெடுக்கும் மேலாளர்களைப் பேட்டி கண்டு எழுதினார்கள். "தகுதி ஒன்றே எங்கள் அளவுகோல்" என்று சத்தியம் செய்தவர்களே, அடுத்த மூச்சில் "குடும்பப் பின்னணியையும் கேட்போம்" என்றார்கள். நல்ல குடும்பத்தில் பிறந்தவனிடம்தான் நல்ல குணம் இருக்குமாம்! மனு எழுதியதை மேலாளர் மொழிபெயர்த்திருக்கிறார்; வேறொன்றுமில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் பெயரைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டுவதை விட்டொழிக்கச் சொன்னது, கோடிக்கணக்கானோர் விட்டொழித்தார்கள். பெயரில் இருந்த வாலை நாம் அறுத்தோம். அறுந்த வால் இன்று கேள்வியில் முளைத்திருக்கிறது! அப்பா என்ன செய்கிறார், ஊர் எது, தெரு எது என்று அது நெளிகிறது.

அரசியல் சட்டம் அறியாத தீமையா இது? அதன் 16-ஆவது பிரிவு, சாதி, மதம், வம்சாவளி, பிறப்பிடம், வசிப்பிடம் இவற்றை மட்டும் காரணம் காட்டி அரசு வேலையில் எவரையும் ஒதுக்கலாகாது என்கிறது. அப்பாவும் ஊரும் தெருவும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன! ஆனால் அந்தப் பிரிவு அரசு அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. கண்ணாடி மாளிகைக்குள் நுழையவில்லை.

முதலாளித்துவத்தின் கோட்டை என்கிறோமே அமெரிக்கா, அங்கேகூட 1964-இல் இயற்றிய குடிமை உரிமைகள் சட்டம் தனியார் கம்பெனிக்குள் நுழைந்தது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், நிறம், இனம், மதம், பால், பிறந்த நாடு பார்த்து ஆளை ஒதுக்கினால் குற்றம் என்கிறது. அந்த நாட்டு இசைக்குழுக்களில் 1970-களில் ஒரு வழக்கம் பரவியது: வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். ஆணா பெண்ணா, கறுப்பா வெள்ளையா தெரியாது. காதில் விழும் இசைக்கே மதிப்பெண்.

திரை போடுங்கள் என்றுதான் நாமும் கேட்கிறோம். விண்ணப்பத்திலிருந்து பெயரையும் ஊரையும் தகப்பன் தொழிலையும் எடுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். விடைக்கு மதிப்பெண் போட்டு எழுதி வையுங்கள். தேறவில்லையென்றால் காரணம் சொல்லுங்கள். தகுதி, தகுதி என்று முழங்குகிறவர்களே! தகுதியை மட்டும் பாருங்கள் என்றுதானே சொல்கிறோம், ஏன் தயக்கம்?

அன்றிரவு அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டான்: "அண்ணே, அடுத்த பேட்டியில் அப்பா பிசினஸ் செய்யறார்னு சொல்லிடட்டுமா?"

திண்ணையில் உட்கார்ந்திருந்த தகப்பன் அதைக் கேட்டுவிட்டார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் கோபப்படவில்லை. "அப்படியே சொல்லிக்கோப்பா. உனக்கு வேலை கிடைச்சாப் போதும்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

தோழர்களே! அந்த முதுகில் ஏறிய மூட்டைகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் எதுவும் அவரைக் கீழே தள்ளவில்லை. ஒரு கேள்வி தள்ளியது.

"பொய் சொல்லாதே தம்பி" என்று நான் அவனிடம் சொன்னேன். சொல்வது எனக்கு எளிது. பசி அவன் வீட்டில். ஆகவே, உண்மை சொன்னவன் வேலை பெறும் நிலையை உண்டாக்குவது நம் பொறுப்பு. தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். உங்கள் பிள்ளையிடம் பேட்டியில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்து எழுதி வையுங்கள்.

மூட்டை தூக்கியவர் தலைகுனிய ஒன்றுமில்லை. கேட்டவர் குனியட்டும்.