இலையுதிர் காலத்திலும் ஓயாத பூக்கள்

இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் டாலியாவும் ரோஜாவும் முதல் உறைபனி விழுந்ததும் ஓய்ந்துவிடும். 2006-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் அதற்கு எளிதில் இடம் தரவில்லை. மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைக் கணக்கு 1659 முதல் இருக்கிறது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான சராசரி 12.6 டிகிரி செல்சியஸ். அதற்கு முன் எந்த இலையுதிர் காலமும் அவ்வளவு வெப்பத்தைக் கண்டதில்லை. 2011 அக்டோபர் 1 அன்று கிரேவ்ஸெண்ட் ஊரில் 29.9 டிகிரி பதிவானது. இத்தகைய ஆண்டுகளில் பூத்துக்கொண்டே இருக்கும் தோட்டத்தைக் கண்டு மகிழ்வதா, கவலைப்படுவதா? எந்தச் செடி பூக்கிறது என்று பார்த்த பிறகே பதில் சொல்ல முடியும்.

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட டாலியா, குளிர் தடுக்கும்வரை பூக்கும். அதனால் அதற்குக் கேடில்லை. சாமந்தி வெயிலைவிட இரவின் நீளத்தைப் பார்த்தே மொட்டு விடுகிறது. அது இலையுதிர் காலத்தில் பூப்பது இயல்பே. ஆப்பிள், செர்ரி மரங்களின் கதை வேறு. அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகளை அவை கோடையிலேயே உருவாக்கி, குளிர்காலம் முழுவதும் உறங்கவைக்கின்றன. வறட்சியாலோ நோயாலோ இலைகள் முன்கூட்டியே உதிர்ந்து, பிறகு மழையும் வெப்பமும் சேர்ந்தால் சில மொட்டுகள் அப்போதே விரிந்துவிடும். விரிந்த மொட்டு வசந்தத்தில் மறுபடி பூக்காது. நாலைந்து பூக்கள் என்றால் மரத்துக்கு நட்டமில்லை. ஏராளமாகப் பூத்தால் அடுத்த ஆண்டின் காய்ப்பு குறையும்.

தேனீக்களுக்கு இது நல்லதுதானே என்று கேட்கலாம். தெற்கு இங்கிலாந்தில் சில பெருந்தேனீக்கள் குளிர்காலத்திலும் பறப்பதால் ஓரளவு உண்மை; ஆனால் பெரும்பாலான பூச்சிகள் அதற்குள் ஒடுங்கிவிடுகின்றன. ஒரு தோட்டத்தை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று சொல்லலாமா என்பது இன்னொரு கேள்வி. கூடாது. அதற்கு நீண்ட காலப் பதிவுகள் வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் 2022-இல் வெளிவந்த ஆய்வு, 406 தாவர இனங்கள் குறித்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை அலசியது. 1987-க்குப் பிறகு பிரிட்டனில் முதல் பூ சராசரியாக ஒரு மாதம் முன்னதாகவே மலர்கிறது என்று அது காட்டியது. அது வசந்தத்தின் கணக்கு. இலையுதிர் காலத்தின் கடைசிப் பூவுக்கும் இப்படிப்பட்ட பதிவுகள் தேவை. ஆகவே அங்குள்ள தோட்டக்காரர்கள், பூக்கிறதே என்று இலையுதிர் காலத்தில் தழைச்சத்து உரம் போட வேண்டாம். அதனால் துளிர்க்கும் இளந்தளிர் உறைபனியில் கருகிவிடும். மாறாக, கடைசிப் பூ மலர்ந்த தேதியை ஆண்டுதோறும் குறித்துவைக்கட்டும்.