திருப்பி அனுப்பினா போதுமா?

போன வருஷம் என் வகுப்புத் தோழி ஒருத்தி இன்டர்ன்ஷிப்பைப் பாதியில் விட்டுட்டு வந்தாள். காரணம், சூப்பர்வைசரின் தொல்லை. கம்பெனி என்ன செய்தது? "அவரை வேற பிராஞ்சுக்கு மாத்தியாச்சும்மா, விட்டுடு" என்றார்கள். அங்கேயும் இன்டர்ன்கள் இருப்பாங்களே?

இதே கதை உலக அளவிலும் நடந்திருக்கு. 2003-ல் ஐ.நா. ஒரு கண்டிப்பான விதி போட்டது: அதன் பணியில் இருப்பவர்கள் 18 வயதுக்குட்பட்ட யாரோடும் பாலுறவு கொள்ளக் கூடாது, பணமோ வேலையோ காட்டியும் யாரிடமும் கேட்கக் கூடாது. மறு வருஷம் ஹெய்திக்கு அமைதிப்படை போனது. அதிலிருந்த இலங்கை வீரர்களில் 100-க்கும் மேற்பட்டோர் பாலியல் சுரண்டல் புகாரில் 2007-ல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகளும் உண்டு. ஆனால் ஒருவர்கூட சிறைக்குப் போகவில்லை என்று 2017-ல் ஏ.பி. செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது.

ஏன்? ஐ.நா.வால் வீரர்களை வீட்டுக்கு அனுப்பத்தான் முடியும். தண்டிக்க வேண்டியது அவரவர் நாடு. விதி இருந்தது, புகாரைக் கடைசி வரை கொண்டுபோக ஆள் இல்லை.

நம்ம கையில் என்ன இருக்கு? 2013-ம் ஆண்டின் 'போஷ்' சட்டம். 10 பேர் வேலை செய்யும் இடம் என்றாலே உள் புகார்க் குழு கட்டாயம். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். வெளியாள் ஒருவரும் இருக்கணும். பயிற்சிக்குப் போகிற பெண்களும் புகார் கொடுக்கலாம். அதைவிடச் சின்ன பட்டறையா? மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. பருத்திப்பட்டுக்காரங்களுக்குத் திருவள்ளூர் மாவட்டம்.

சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரணும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். விசாரணை 90 நாளில் முடியணும். நிரூபிக்க முடியலை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. போலீசுக்குப் போகும் வழியும் திறந்தே இருக்கு.

கல்லூரிக்கு 2015-ன் யுஜிசி விதிகள். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் குழுவில் மாணவர் பிரதிநிதிகள் 3 பேர் இருக்கணும். ஆண், திருநர் மாணவர்களுக்கும் இதில் பாதுகாப்பு உண்டு.

என் தோழிக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கும் அப்போ தெரியாது. அடுத்த இன்டர்ன்ஷிப்பின் முதல் நாளே ஸ்டைபண்டோடு சேர்த்து இதையும் கேளுங்க: "இங்க குழுவில் யார் யார் இருக்காங்க?"